இரண்டு நாழிகைப் படிக்கட்டு

என் இடது மணிக்கட்டில் பதினான்கு நாள் ஒரு கறுப்புக் கடிகாரம் இருந்தது. அதில் மணி பார்க்க முடியாது. முள் கிடையாது, எண் கிடையாது. ஓர் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு கண்ணாடி, இன்னோர் ஓரத்தில் அமுக்குவதற்கு ஒரு பொத்தான். அவ்வளவுதான். கல்கத்தா என்ற பெயரைக் கொல்கத்தா என்று மாற்றிய புதிது அது. எனக்கு வாயில் இன்னும் பழைய பெயர்தான் வரும்.

அப்போது லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். பிள்ளைகள் இருவரும் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. தூத்துக்குடியில் பிறந்தவர், கல்கத்தா துறைமுகத்தில் தலை நரைத்தவர். கங்கையிலிருந்து கப்பலை உள்ளே விடுகிற பெரிய கதவு ஒன்று உண்டு. அந்தக் கதவைத் திறந்து மூடுகிற கோஷ்டியில் இருந்தார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது.

அந்தக் கதவை நினைத்தபோது திறக்க முடியாது. கடலிலிருந்து ஏற்றம் வந்து கங்கையில் தண்ணீர் உயர்ந்தால்தான் கப்பல் நகரும். வங்காளத்தில் அந்த ஏற்றத்துக்கு ஜோயார் என்று பெயர். எங்கள் வீட்டிலும் அந்தச் சொல்லே ஒட்டிக்கொண்டது. "இன்னைக்கு ஜோயார் எப்போ?" என்றுதான் கேட்போம். ஒரு நாளைக்கு இரண்டு ஜோயார் வரும். ஒன்று இவர் கோஷ்டிக்கு, மற்றது வேறு கோஷ்டிக்கு. ஆனால் தினம் ஒரே நேரத்தில் வராது. இன்று வந்ததைவிட நாளைக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளி வரும். அதற்கேற்ப ஆபீஸ் வண்டியும் தினம் தள்ளித் தள்ளி வந்து வாசலில் ஹாரன் அடிக்கும். இவர் முறை நள்ளிரவிலிருந்து விடியலுக்கு நகரும், விடியலிலிருந்து பகலுக்கு நகரும். பகல் தாண்டியதும் மறுபடி ராத்திரி ஜோயாருக்கு மாற்றிவிடுவார்கள்.

ஏற்ற நேரம் போட்ட புத்தகம் ஒன்று ஆபீஸில் கொடுப்பார்கள். பொடி எழுத்து, எல்லாம் இங்கிலீஷ். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அதுவும் தமிழில். ஆனால் லேக் மார்க்கெட்டில் வருடா வருடம் பஞ்சாங்கம் வாங்குவேன். கல்யாணமான சில வருடங்களிலேயே ஒன்று புரிந்துவிட்டது. திதி ஒன்று கூடினால் ஜோயார் இரண்டு நாழிகை தள்ளும். இரண்டு நாழிகை என்றால் நாற்பத்தெட்டு நிமிடம். அமாவாசையன்று வண்டி எப்போது வந்தது என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்ற நாளையெல்லாம் விரலில் எண்ணிவிடலாம். வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு நான் எழுந்தால் சோறு, குழம்பு, ஒரு கறி ஆகிவிடும். கேரியரைச் சூடாகக் கொடுத்து அனுப்பலாம். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவர் எழுந்து முகம் கழுவி வரும்போது கேரியர் மேஜைமேல் இருக்கும். அது எப்படி வந்தது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஐம்பது வயது தாண்டியதும் எனக்குப் பகலில் கண் சொருக ஆரம்பித்தது. பால் இரண்டு தடவை பொங்கி வழிந்து தீய்ந்தது. மேல்தளத்தில் இருந்த வீட்டுச் சொந்தக்கார அம்மாள் லட்சுமி பூஜைக்குக் கூப்பிட்டபோது, கையில் பூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். எல்லாரும் பூப் போட்டு முடித்தும் என் கையில் பூ அப்படியே இருந்ததாம். அன்றைக்கு அவர் பயந்துபோனார். மறுநாளே மருந்துக்கடை மாடியில் இருந்த டாக்டரின் சேம்பருக்கு அழைத்துப்போனார்.

டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "எத்தனை மணிக்குப் படுப்பீங்க? எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வங்காளமும் ஹிந்தியும் கலந்து சொன்னார். "இவளுக்குத் தூக்கமே கிடையாது டாக்டர். ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு முழிச்சிருப்பா, ஒரு நாள் மூணு மணிக்கு முழிச்சிருப்பா. நான் எப்போ கண்ணைத் திறந்தாலும் இவ முழிச்சிருப்பா."

எனக்கு வாய் திறந்து பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. உங்களுக்குச் சோறு பொங்கத்தானே முழிக்கிறேன் என்று டாக்டர் முன்னால் சொன்னால் அது அவர் மேல் குற்றம் சொன்னது மாதிரி ஆகிவிடும். மேலும் புது மனிதர் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. தலையை மட்டும் ஆட்டினேன். டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார். இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் இப்படியே இருந்தால் இரண்டு மாத்திரை ஆக்கிவிடலாம் என்றார்.

முதல் மாத்திரை போட்ட அன்று எனக்கு ஹாரன் சத்தமே கேட்கவில்லை. கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். கேரியர் அலமாரியில் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. அவர் மத்தியானம் வந்தார். பொரி வாங்கித் தின்றாராம்.

"எழுப்பியிருக்கலாம்லா?" என்றேன்.

"நீ தூங்குனல்லா, அது போதும்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

எட்டு மணி நேரம் கதவுப் பக்கம் நின்ற மனிதர் பொரி தின்று வந்திருக்கிறார். அன்றிலிருந்து ஒன்று செய்தேன். அவரே தினம் மாத்திரையும் தம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து பக்கத்தில் நின்று கொடுப்பார். நான் தண்ணீரை விழுங்குவேன், மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்குவேன். பிறகு அது ஒரு காலி கடுகு டப்பாவுக்குள் போய்விடும். செய்வது தப்பு என்று தெரியும். இரண்டு மாதம் முடிந்து இரண்டு மாத்திரையானால் என்ன செய்வது, கன்னம் இரண்டாயிற்றே என்று வேண்டுமானால் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் பயம்தான் அதிகம். டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், சொல்ல வராது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கார அம்மாளின் மகள் அந்தக் கறுப்புக் கடிகாரத்தோடு கீழே வந்தாள். ஜாதவ்பூரில் பெரிய படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். தூக்கத்தைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. எங்கள் பேச்சு வங்காளத்தில்தான்; அவளுக்கு நான் காகிமா, இவர் காகாபாபு, சித்தி சித்தப்பா மாதிரி. நான் தமிழில் எழுதுகிறேன்.

"காகிமா, ஒரு உதவி. பதினாலு நாள் இதைக் கையில கட்டிக்கணும். குளிக்கிறப்ப மட்டும் கழட்டுங்க. வீட்டோட இருக்கிற அம்மாக்கள் கிடைக்கவே மாட்டேங்கிறாங்க."

"உங்க அம்மா?"

"அம்மா பார்த்துட்டு, ஜெயில்ல மாட்டற விலங்கு மாதிரி இருக்கு, போடின்னுட்டாங்க."

எனக்கு முடியாது என்று சொல்ல வராது. கண்ணாடி வளையலைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கையை நீட்டினேன்.

கட்டிக்கொண்டே அவள் விளக்கினாள். அந்தக் கடிகாரத்துக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். கை அசைகிறதா இல்லையா என்பது ஒன்று. வெகுநேரம் அசையாமல் இருந்தால் ஆள் தூங்குவதாகக் கணக்கு. மிளகுக் கண்ணாடி வெளிச்சத்தை அளப்பதற்கு.

"வெளிச்சம் எதுக்கு?"

"நம்ம உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது காகிமா. எல்லாருக்கும் உண்டு. அதுக்கு தினம் சாவி கொடுக்கிறது சூரியன்தான்."

எங்கள் வீட்டில் சாவி கொடுப்பது சந்திரன் என்று சொல்ல வாயெடுத்தேன். படித்த பெண்ணிடம் என்னத்தைச் சொல்வது என்று விட்டுவிட்டேன். ஒரு சின்ன நோட்டும் கொடுத்தாள். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். மேலே தேதி, கீழே படுத்த மணி, எழுந்த மணி. நான் மேலே தேதிக்குப் பதிலாகத் திதியை எழுதினேன். எனக்கு நாள் என்றால் அதுதான். கடிகாரம் கட்டிய அன்று சதுர்த்தி.

மறுநாள் கரியாஹாட்டுக்குக் காய் வாங்கப் போனேன். மார்கழி மாதம். முள்ளங்கியும் புதுக் கொத்துமல்லியுமாக நடைபாதை பச்சையாக இருந்தது. வழக்கமாக வாங்கும் கத்திரிக்காய்க்காரர் தராசைப் பிடித்தபடியே, "மாசிமா, மணி என்ன?" என்றார்.

பழக்க தோஷம், கையைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பாக வெறும் மூடிதான் இருந்தது.

"தெரியல," என்றேன்.

அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார். "எவ்வளவு பெரிய கடிகாரம் பாரு. மணி பார்க்கத் தெரியாதாம்."

"மெட்ராஸ் கடிகாரமா இருக்கும்டா. அங்கே மணியே வேற," என்றார் மற்றவர்.

இருவரும் நல்லவர்கள்தான், ஒரு பிடி கொத்துமல்லி கூடுதலாகவே போட்டார்கள். ஆனால் எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்து இடது கையை மூடிக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகு வெளியில் போனால் தலைப்பு, வீட்டில் இருந்தால் சால்வை. பால்காரர், இஸ்திரிக்காரர் யார் வந்தாலும் கை உள்ளே போய்விடும். நாளடைவில் யாரும் இல்லாதபோதும் அது உள்ளேயே இருந்தது. கடிகாரம் கையில்தானே இருக்கிறது, கழற்றவில்லையே என்று எனக்குத் திருப்தி.

பதினான்கு நாள் முடிந்து அவள் அதை வாங்கிப் போனாள். இரண்டு நாள் கழித்து, மத்தியானம், நீளமான ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்தாள். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் முகம் சரியில்லை. வந்ததும் வராததுமாக மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"காகிமா, இது எத்தனை?"

"மூணு."

"இது?"

"ரெண்டு. ஏம்மா?"

"இதென்ன கண்ணாஸ்பத்திரியா?" என்றார் இவர், சோற்றைப் பிசைந்தபடி.

அவள் தாளை மேஜையில் விரித்தாள். ஒரு நாளைக்கு ஒரு வரி. அசைந்த நேரமெல்லாம் கறுப்பு முள் முள்ளாக, தூங்கிய நேரம் வெறும் வெள்ளை. "பாருங்க, தினம் எழுந்திருக்கிற நேரம் தள்ளிக்கிட்டே போகுது. வெளிச்சக் கணக்குல பகல் முழுக்க இருட்டு. எங்க பேராசிரியர் பார்த்துட்டு, பார்வை சுத்தமா இல்லாத சில பேருக்குத்தான் இப்படித் தூக்கம் நாளுக்கு நாள் நகரும், அந்த அம்மாவுக்குக் கண் தெரியுமான்னு கேட்கிறார்."

இவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டார். தமிழுக்கு மாறி, "ஏளா, உனக்குக் கண்ணு தெரியலையா? ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"தெரியுதுங்க. உங்க மீசையில மோர் ஒட்டியிருக்குறதுகூடத் தெரியுது."

மீசையைத் துடைத்தாரே தவிர, பயம் போகவில்லை. நான் அந்தப் பெண்ணிடம் சால்வையைக் காட்டினேன். கத்திரிக்காய்க்காரர் சொன்னதையும் சொன்னேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "பதினாலு நாள் என் மிஷினைக் குகைக்குள்ள வெச்சிருந்தீங்களா? எல்லா வெளிச்சமும் போச்சே காகிமா!" சிரிப்பு அடங்கியதும் மறுபடி தாளைப் பார்த்தாள். "சரி, இருட்டுக்குக் காரணம் சால்வை. தூக்கம் ஏன் படிக்கட்டு மாதிரி இறங்குது?"

உண்மையிலேயே அது படிக்கட்டு மாதிரிதான் இருந்தது. எட்டுப் படி, பிறகு பகல் முறை வந்த நாலு நாள் தட்டையாக, பிறகு மறுபடி படி. அவள் நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாக ஒத்துப் பார்த்தாள். மேலே இருந்த தமிழ் எழுத்தில் விரலை வைத்து, "இது என்ன, தேதியா?" என்றாள்.

"திதி," என்று படித்துக் காட்டினேன். "சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி, சப்தமி..."

"அஷ்டமி, நவமி, தசமி!" என்று அவளே முடித்தாள். துர்கா பூஜை பார்த்து வளர்ந்த பெண், அவளுக்கா தெரியாது. "சந்திரனைப் பார்த்தா எழுந்திருக்கீங்க?"

நான் பதில் சொல்லும் முன்பே இவர் எழுந்து வந்துவிட்டார். எச்சில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, இடது கை விரலால் ஒவ்வொரு படியாகத் தொட்டார்.

"இது என் ஜோயார்," என்றார்.

பிறகு எங்களிடம் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாமல் பேசினார். "இது சர்க்கரைக் கப்பல் வந்த அன்னைக்கு. இது வெறுங்கப்பல். இது பனி இறங்கி ஒண்ணும் தெரியாம நின்ன நாள்." பஞ்சமிப் படிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. "அன்னைக்கு வண்டி வந்தது ரெண்டே முக்காலுக்கு. நல்லா ஞாபகம் இருக்கு. இங்க ஒண்ணேகாலுக்கே கோடு எழும்பியிருக்கே?"

"அது காகிமா எழுந்த நேரம்," என்றாள் அந்தப் பெண்.

"ஒன்றரை மணி நேரம் முன்னாடியா?"

"சோறு பொங்கணும்லா," என்றேன்.

"தினமுமா?"

தட்டில் மோர்ச்சோறு காய்கிறது, போய்ச் சாப்பிடுங்கள் என்றேன். அவர் போகவில்லை. அந்தப் பெண்தான் அடுத்ததைக் கேட்டாள். "மாத்திரை போடறதா அம்மா சொன்னாங்களே? போட்டுக்கிட்டு எப்படி எழுந்தீங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. உள்ளே போய்க் கடுகு டப்பாவை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். திறந்து பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"நான் பக்கத்துல நின்னு தண்ணி கொடுத்தேன்லா?"

"தண்ணியக் குடிச்சேன்."

கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் டப்பாவை ஒரு தடவை குலுக்கிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "முப்பது வருசமா வாயே பேசாதவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன். இந்த வாய்க்குள்ள என்னெல்லாம் வெச்சிருந்திருக்கா பாரு!" என்று அந்தப் பெண்ணிடம் வங்காளத்தில் சொன்னார். அவளும் சிரித்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இடுப்பிலிருந்து ஒரு குடம் இறக்கி வைத்தது மாதிரியும் இருந்தது.

டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. அந்தத் தாளையும் கொண்டுபோனோம். இவர் ஜோயார் முறை, கேரியர் சோறு எல்லாம் சொல்லி விளக்க ஆரம்பித்தார். டாக்டர் கையமர்த்திவிட்டு என்னிடமே கேட்டார். "நீங்க சொல்லுங்க. எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

தாள் என் முன்னால் விரித்திருந்தது. அதில் எல்லாம் இருக்கிறது, நான் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை என்ற தைரியம்தான். "திதியைப் பொறுத்து," என்றேன்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். வங்காளிதானே, திதிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தாளை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். "இவங்களுக்கு வியாதி ஒண்ணுமில்லை. உங்களோட சேர்ந்து இவங்களும் டூட்டி பார்த்திருக்காங்க," என்று இவரிடம் சொன்னார். மாத்திரைச் சீட்டில் குறுக்கே கோடு போட்டார். சேர்ந்தாற்போல் ஏழு மணி நேரம் தூங்க விடுங்கள், அதுதான் மருந்து என்றார்.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் இவர் அந்தத் தாளை மடிமேல் பிடித்திருந்தார். வீட்டுத் தெரு திரும்பும்போது, "இனி ராத்திரி ஜோயாருக்குச் சுடுசோறு வேண்டாம். சாயங்காலமே புளிச்சோறு கட்டி வெச்சிரு," என்றார்.

"ஆறிப் போயிருமே."

"ஆறட்டும்."

"ஒரு அப்பளமாவது காலையில..."

"அப்பளத்துக்கு நீ எந்திரிச்சேன்னா, நான் அந்த டப்பாவ எடுத்துருவேன்."

பகல் ஜோயாருக்குச் சுடுசோறு, ராத்திரி ஜோயாருக்குப் புளிச்சோறு என்று முடிவானது.

அந்தப் பெண்ணுக்கு வெளிச்சக் கணக்கு வேண்டுமே. மறுபடி பதினான்கு நாள் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை சால்வைக்கு மேல். கரியாஹாட்டில் கத்திரிக்காய்க்காரர் பார்க்கும் முன்பு நானே நீட்டிக் காட்டினேன். "இது மணி பார்க்க இல்ல. என் தூக்கத்தை அளக்க." அவர் தராசைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "அப்போ இதுலயும் நிறுத்துதான் தர்றாங்களா மாசிமா?" என்றார்.

புளிச்சோறு கட்டி வைத்த முதல் நாள். வண்டி மூன்றரைக்கு. எனக்கு இரண்டு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கம், ஒரு நாளில் போகுமா. எழுந்திருக்கக் காலை அசைக்கப் போனேன், பேசியது ஞாபகம் வந்தது. அப்படியே படுத்திருந்தேன். மூன்று மணிக்கு மேல் அவர் எழுந்தார். விளக்குப் போடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். கேரியரின் பிடி சத்தம் போடாமலிருக்க அதைத் துண்டால் சுற்றினார் போலிருக்கிறது, துண்டு உரசுகிற சத்தம் கேட்டது. வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடிப்பதற்குள் ஓடிப்போய்க் கையைக் காட்டித் தடுத்திருக்கிறார், ஹாரனும் இல்லை. கதவைச் சாத்துவதற்கு முன்பு நின்று என் பக்கம் பார்த்தார் என்று தோன்றியது. நான் இடது கையை இம்மியும் அசைக்கவில்லை.

தாள் வந்தபோது அந்த நாள் வரியில் வெள்ளையாக நீண்ட இடம் இருந்தது. அந்தப் பெண் நோட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். நோட்டில் நான் உள்ளதைத்தான் எழுதியிருந்தேன், விழித்தது இரண்டு மணி என்று. அவள் மெல்ல, "மிஷின் தூங்கினதாச் சொல்லுது, நோட்டு முழிச்சிருந்ததாச் சொல்லுது. எது காகிமா?" என்று கேட்டாள்.

"நோட்டு," என்றேன், அதைவிட மெல்ல. "ஆனா காகாபாபுவுக்குத் தாளை மட்டும் காட்டு."

அவள் காட்டினாள். அவர் அந்த வெள்ளை இடத்தின் ஆரம்பத்தில் ஒரு விரலும் முடிவில் ஒரு விரலும் வைத்து அளந்து பார்த்தார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. "ஒரு தடவகூட அசையல பாத்தியா," என்று எனக்கே காட்டினார்.

"ஆமா," என்றேன்.

கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு வந்த ராத்திரி ஜோயார் ஒன்றில் உண்மையாகவே தூங்கிவிட்டேன். அவர் போனதே தெரியாது. அதற்கு அத்தாட்சியாகக் கையில் கடிகாரம் இல்லை. அந்த வெள்ளை இடம் இருந்த தாளை மட்டும் அவர் அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கி, நாலாக மடித்து, தம்முடைய ஏற்றப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.